கட்டு மாற்றக் கற்றவள்

பரமத்தி வேலூரில் கொடிக்கால் வைத்து வெற்றிலை விளைவித்தவர் சென்னிமலை. மூத்தவள் குப்பாயிக்குப் பிள்ளை இல்லையென்று சௌந்திரத்தை இரண்டாந்தாரமாகக் கட்டி நான்கு வருடமாகியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருடம் குடலிறக்கம் முற்றிப்போய், சேலத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆப்பரேஷன் செய்தார்கள்.

பதினைந்து நாளும் கட்டிலடியில் முந்தானை விரித்துப் படுத்து, அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் குப்பாயி. ஊருக்கு அனுப்பும் நாளில்தான் சௌந்திரம் வந்தாள்.

"கட்டு மாத்த யாரு கத்துக்கறீங்க?" என்றாள் நர்ஸம்மா.

சென்னிமலை யோசிக்கவேயில்லை. "சின்னவ கத்துக்கட்டுமுங்க. அவ நாலாவது படிச்சவ."

குப்பாயி கதவோரம் நகர்ந்தாள். தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, துணியை வேகவைத்து உலர்த்துவது, இருமினால் தையலை உள்ளங்கையால் தாங்கிக்கொள்வது, மூன்று மாதம் பாரம் தூக்காதது, நர்ஸம்மா சொன்னதெல்லாம் அவள் காதிலும் விழுந்தது.

"ஓரம் செவந்தாலோ சீழ் வச்சாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீங்க. உடனே கூட்டிட்டு வந்துரணும்."

வீட்டில் சௌந்திரம் கட்டு மாற்றும்போதெல்லாம் அவர் சிரித்துப் பேசும் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். குப்பாயிக்குத் துணி வேகவைக்கும் வேலை மட்டும். வயிறு எரிந்தது.

வீடு திரும்பிய ஆறாம் நாள் யார் பேச்சையும் கேளாமல் சென்னிமலை கொடிக்காலுக்குள் இறங்கி, வாய்க்கால் தண்ணீரில் வயிற்றுக் கட்டை நனைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அழுக்குத் துணி எடுக்கப் போன குப்பாயி, தையலோரம் சிவந்து பளபளப்பதைப் பார்த்தாள். துணி உரசியிருக்கும் என்று சௌந்திரம் நினைத்தாள்.

இவள் கற்றுக்கொண்ட லட்சணம் அவருக்கும் தெரியட்டும் என்று குப்பாயி வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் கஞ்சி கொடுக்கையில் அவர் கை அனலாய்க் கொதித்தது. கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"வண்டி பூட்டச் சொல்லு, சௌந்திரம். நர்ஸம்மா சொன்னது இதுதான். நான் காத்தாலயே பாத்தேன். சொல்லல."

சௌந்திரம் ஒருமுறை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஓடினாள். வண்டியில் போய்ப் பஸ் பிடித்துச் சேலம் சேர்ந்தார்கள். சீழை எடுத்தார்கள். உயிர் தப்பியது.

"செவந்ததை யாரு கவனிச்சது?" என்றாள் நர்ஸம்மா.

"அக்காதானுங்க." காலையிலேயே பார்த்தும் அவள் மறைத்ததைச் சௌந்திரம் சொல்லவில்லை.

"அப்ப இனிமே நீங்களே மாத்துங்கம்மா."

குப்பாயியால் சௌந்திரத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கை கழுவப் போனாள். புண் ஆறும்வரை கட்டு மாற்றியவள் அவள்தான். நடுவில் அவர் "சின்னவ எங்க?" என்று கேட்டால் மட்டும் முடிச்சைச் சற்று இறுக்கிப் போடுவாள்.