காருக்கு வைத்த எலுமிச்சம்பழம்

போன வாரம் கூரியரில் வந்த, துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மைக் கார் பெட்டியைப் பிரித்து, பசைக் குப்பியின் மூடியைத் திருகியதும் எழுந்த நெடியில், அப்பா மேனேஜராக இருந்த, இப்போது இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்ட லாட்ஜின் மொட்டைமாடி நினைவுக்கு வந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டி நிழலில், அறையைக் காலி செய்த ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போன இதே மாதிரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, விரலில் காய்ந்த பசையைப் பல்லால் உரித்தபடி, கீழே பஸ் ஹாரனும் கோயில் மணியும் மாறி மாறிக் கேட்க, அக்காவும் நானும் கோடை விடுமுறை முழுக்க ஒரு சிவப்புக் காரை ஒட்டினோம்.

முடித்த அன்று, "பூஜை போடாம வண்டிய எடுக்கக் கூடாதுடா" என்றாள் அக்கா. கோயில் வாசலில் புது வண்டிகளுக்குச் செய்வதைப் போலவே சந்தனம், குங்குமம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கார் தரையை விட்டு எழும்பிப் பழங்களின் மேல் உட்கார்ந்துகொண்டது. நான் அழுத்தித் தள்ளினேன். பழம் ஒன்றுகூட நசுங்கவில்லை. அச்சு முறிந்து சக்கரங்கள் தொட்டிக்கு அடியில் உருண்டன. அக்கா அழாமல் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டு மூடினாள்.

நேற்று புதுக் காரை ஒட்டி முடித்ததைப் போனில் அவளிடம் சொன்னேன்.

"பழம் வெச்சியா?"

"அசல் கார்ல இருபத்துநாலுல ஒரு பங்குன்னு பெட்டியில போட்டிருக்குக்கா. அதே கணக்குல நாலு கடுகு வெச்சு அழுத்தித் தள்ளினேன். நசுங்கிடுச்சு."



"அன்னிக்கு நமக்குத் தோணலையேடா" என்றாள்.