மேடையில் நான்கு துளைகள்

ஜெபகுமாருக்குப் பிடிக்காத கேள்வி ஒன்று உண்டு. "சொந்த ஊர் எது?" கட்கி என்பான். "அது சரி, பூர்வீகம்?" என்று அடுத்தது வரும். அதற்கும் கட்கி என்பான். அவன் பிறந்தது அங்கே, வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில். அப்பா பிறந்ததும் அங்கேதான். தாத்தா நாசரேத்திலிருந்து வந்தவர். நாசரேத்தை இவன் பார்த்தது இரண்டு தடவை, இரண்டும் யாருடையவோ கல்யாணம்.

வயது நாற்பத்தாறு. ஏரவாடாவில் ஒரு ஷட்டர் அகலத்தில் கடை. வேலை, இலவச டிஷ் பொருத்துவது. வெல்ஹே பக்கத்து மலைகளுக்குக் கேபிள் ஏறாது. மாதாமாதம் பணம் கட்டும் டிஷ் துருப்பிடித்துக் கூரையில் கிடக்கும். இதை ஒரு முறை மாட்டிவிட்டால் போதும், படம் வந்துகொண்டிருக்கும். அவன் பைக் மேடேறும்போதே யாராவது கத்துவார்கள்: "அண்ணா ஆலா!" அண்ணா வந்தாச்சு என்று. தெற்கத்திக்காரன் எவனானாலும் அங்கே அண்ணாதான். ஜெபகுமார் விடமாட்டான். பைக்கை நிறுத்தி மராத்தியில் சொல்வான்: "அண்ணா இல்லப்பா, ஜெபா. உன்னை மாதிரியே இந்தத் தண்ணி குடிச்சு வளர்ந்தவன்."

அந்த மே மாதத்து நாளில் ஹவுசாபாயின் வீடு நான்காவது. இன்னும் இரண்டு வீடு பாக்கி. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

ஹவுசாபாய்க்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தனியாக இருந்தாள். ஆஷாடத்தில் பண்டரிபுரத்துக்கு நடந்து போகும் வாரி யாத்திரையை டிவியில் பார்க்க வேண்டும், அதற்குத்தான் டிஷ். அரிவாளை எடுத்துக்கொண்டு புல்லறுக்கக் கிளம்பியவள், "எங்கே பிடிக்குதோ அங்கே போடு. பிளக் அடுப்படியில இருக்கு" என்றாள்.

"சரி மாவ்ஷி, நீங்க வர்றதுக்குள்ள படம் ஓடும்."

சித்தி என்று அழைப்பது போல, அவளை மாவ்ஷி என்றுதான் கூப்பிட்டான்.

கூரை ஓடு. ஆணி தாங்காது. சுவரில் மாட்டலாமென்றால், டிஷ் பார்க்க வேண்டிய தென்கிழக்கில் மாமரம் வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வெட்டவெளியில் குழி தோண்டிக் குழாய் நட்டுக் கான்கிரீட் போடலாம். ஆனால் அது முரம் மண், கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். இரண்டு மணி நேர வேலை.

வீட்டிலிருந்து முப்பதடி தள்ளி, வயல் மூலையில் ஒரு சிமெண்ட் மேடை இருந்தது. முழங்கால் உயரம், சதுரம், மட்டம் பார்த்துப் பூசியது. டிஷ்ஷைக் கையில் பிடித்து அதன் மேல் வைத்துத் திருப்பினான். சிக்னல் மீட்டர் வீல் என்று கத்தியது. எண்பத்து நான்கு.

மேடையின் மேல் ஒரு மூலையில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. காய்ந்த சாமந்திப் பூ ஒன்றும் கிடந்தது. ஜெபகுமார் அந்தப் பூவை இரண்டு விரலால் எடுத்தான். பக்கத்தில் ஒரு தட்டைக்கல் கிடந்தது. அதன் மேல் உடையாமல் வைத்தான். பிறகு நான்கு இடத்தில் பென்சிலால் குறித்து, டிரில்லை வைத்து அழுத்தினான்.

சிமெண்டில் டிரில் நன்றாக இறங்கியது. நான்கு போல்ட்டையும் முறுக்கியபோது அரை மணிகூட ஆகவில்லை.

ஹவுசாபாய் புல்லுக்கட்டோடு வந்தாள். மேடையைப் பார்த்து நின்றாள். கட்டைத் தலையிலிருந்து இறக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய், படத்தைப் பார்த்தாள்.

"தெளிவா இருக்கு" என்றாள்.

தேநீர் போட்டுக் கொடுத்தாள். ஜெபகுமார் ரிமோட்டை எப்படி அமுக்குவது என்று காட்டினான். அவள் தலையாட்டினாள். ரிமோட்டைப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்து டீக்கடையில் பெஞ்சில் நாலு பேர். கடைக்காரர் கேட்டார்: "ஹவுசாபாய் வீட்டுல மாட்டிட்டியா? அங்கே மரம் மறைக்குமே, எங்கே வச்சே?"

"வயல் மூலையில ஒரு மேடை இருந்துச்சு. அதுல."

கடைக்காரரின் கை நின்றது. "அது ஞானோபா" என்றார். "அவ புருஷன். போன வருஷம் போனான். சாம்பலை அங்கேதான் வச்சுப் பூசியிருக்கு. பேர் வெட்டின கல்லு அடுத்த மாசம் வருது."

பிறகு பெஞ்சின் கோடியிலிருந்த கிழவர் சிரித்தார். "உசுரோட இருந்தப்ப ஞானோபா ஒரு இடத்துல நின்னதில்ல. அண்ணா நாலு போல்ட் போட்டு நிறுத்திட்டான்."

"சிக்னல் ஏன் வராது? அவனே மேலேருந்து பிடிச்சுக் குடுப்பான்" என்றான் இன்னொருவன்.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஜெபகுமாரும் சிரித்தான். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் அவன் வாயில் புளித்துக்கொண்டு வந்தது. பாக்கி இரண்டு வீட்டுக்கும் அவன் போகவில்லை.

ராத்திரிச் சோற்றில் கை வைத்துக்கொண்டு ஜெனிபரிடம் சொன்னான். கல்யாணமாகி இருபது வருஷம், அவன் முகம் அவளுக்குத் தெரியும்.

"எனக்கு எப்படித் தெரியும்? பேரு இல்ல, கல்லு இல்ல. வெறும் மேடை."

"தெரியாமத்தான செஞ்சிய அத்தான். போய் மாத்திக் குடுத்துட்டு வாங்க."

"மாத்தலாம். ஓட்டை போட்டாச்சுல்லா."

"மாமா கல்லறையில எவனாச்சும் டிரில் வச்சா நீங்க சும்மா விடுவியளா? அந்த அம்மா டீ போட்டுல்லா குடுத்திருக்கா." கொஞ்ச நேரம் குழம்பைக் கிளறினாள். "மேல ஒண்ணுமே இல்லியா? பூ கீ?"

"இல்ல" என்றான்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். கண்ணை மூடினால் டீக்கடையோ டிரில்லோ வரவில்லை. அவனுடைய இரண்டு விரல்தான் வந்தது. குப்பை என்று நினைத்திருந்தால் புறங்கையால் தள்ளியிருப்பான். தள்ளவில்லை. இதழ் உதிராமல் எடுத்து வைத்தான். தெரியாதவன் அப்படி எடுப்பானா? யாருடையதோ என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்ததைப் பூவோடு சேர்த்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு, குழி தோண்டாமல் தப்பித்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகவில்லை. குழாய், கடப்பாரை, அரை மூட்டை சிமெண்ட் எல்லாவற்றையும் பைக்கில் கட்டிக்கொண்டு மலையேறினான். ஹவுசாபாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"டிஷ்ஷை மாத்தணும் மாவ்ஷி."

"மாத்து" என்றாள்.

மேடையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிக் குழி போட்டான். முரம் மண்ணில் பொறி பறந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. குழாயை நட்டு, கல் கொடுத்து இறுக்கி, கான்கிரீட் போட்டான். டிஷ்ஷை மாட்டித் திருப்பியபோது மீட்டர் எண்பத்து நான்கு காட்டியது. படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அன்றைக்கும் இங்கே இதே எண்பத்து நான்குதான் இருந்திருக்கும்.

போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு மேடை முன்னால் மண்டியிட்டான். துளைகளில் சிமெண்டைத் திணித்துக் கரண்டியால் தடவினான். பழைய பூச்சு வெளுத்திருந்தது. புதுச் சிமெண்ட் நான்கு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது.

பின்னால் ஹவுசாபாய் வந்து நிற்பது தெரிந்தது. அவன் திரும்பவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நான் பார்த்தேன் மாவ்ஷி. பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

அதற்குள் அவளே சொன்னாள்: "கீழே என்னென்னமோ பேசிச் சிரிச்சாங்களாம். நீ மனசுல வச்சுக்காதே. நீ வெளியூர்க்காரன். உங்க பக்கம் இப்படி இருக்காது. உனக்கு எப்படித் தெரியும்?"

நாற்பத்தாறு வருஷமாக எவன் சொன்னாலும் சண்டைக்குப் போகிற சொல். இப்போது அது நிழல் மாதிரி அவன் மேல் விழுந்தது. ஜெபகுமார் அதற்குள் போய் நின்றுகொண்டான்.

"ஆமா மாவ்ஷி" என்றான். "எங்க ஊர்ல இப்படிக் கிடையாது."

"எது உன் ஊரு?"

"நாசரேத். தமிழ்நாட்டுல. ரொம்பத் தூரம்."

"அப்படியா" என்றாள். "ரொம்பத் தூரமா?"

"ரெண்டு நாள் ரயில்ல போகணும்."

அவள் மேடையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். தட்டைக்கல்லின் மேல் அந்தச் சாமந்தி அப்படியே இருந்தது. ஒரு வாரத்தில் இன்னும் சுருங்கியிருந்தது. யாரும் தொட்டிருக்கவில்லை. அவள் குனிந்து, இரண்டு விரலால் அதை எடுத்தாள்.

"அன்னைக்கு வந்ததும் இதைத்தான் முதல்ல பார்த்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "தூக்கி எறியாம பத்திரமா எடுத்து வச்சிருந்தே. அதனாலதான் ஒண்ணும் சொல்லல."

பூவைப் பழைய மூலையில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். "கை கழுவிட்டு வா. டீ போடுறேன்."

ஜெபகுமார் எழுந்திருக்கவில்லை. நான்கு பொட்டும் ஏற்கெனவே மட்டமாகத்தான் இருந்தன. கரண்டியை எடுத்து முதல் பொட்டிலிருந்து மறுபடியும் தடவ ஆரம்பித்தான்.