‘எ ஃபியூ’ என்றால் எத்தனை வெடிப்பு?

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி அக்கா, தேயிலைத் தோட்ட ஆபீஸிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை இன்று மாலை என்னிடம் நீட்டினார்.

“என்னா எழுதியிருக்கு தம்பி?”

“சுவத்துல ‘எ ஃபியூ’ வெடிப்புதானாம். லயத்துலயே இருக்கலாமாம்.”

“அப்புடின்னா எத்தன?”

“மூணு, நாலு இருக்கும்க்கா.”

அக்கா என்னை உள்ளே கூட்டிப்போனார். ஒவ்வொரு வெடிப்பின் மேலும் மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்திருந்தார். எண்ணினேன். பதினொன்று.

“காலையில வெச்சது. கிட்டப் போயி பாரு.”

ஒவ்வொரு பொட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது; பாதிகளுக்கு நடுவே விரல் நுழைந்தது.

வீட்டுக்கு வந்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தச் சுவரைப் பார்த்தேன். காலையில் இல்லாத ஒரு கோடு.

மலையில் பெய்யும் மழை இன்னும் விடவில்லை. மண் சரியுமோ என்று பயந்து இரண்டு குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம்.

‘எ ஃபியூ’ எந்த எண்ணோடு முடிகிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.