சிரித்த இடங்கள்

மெமுவாரைக் கையளிக்க ஒன்பது நாள் இருந்தது. பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அதன் மூன்றாம் அத்தியாயத்தை, அது யாரைப் பற்றியதோ அவருக்கே வாசித்துக் காட்டினேன். மெமுவார் என்பது முதுகலைப் பட்டத்துக்காக எழுதும் ஆய்வேடு. அது இல்லாமல் பட்டம் இல்லை. அந்த மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் மெமுவார் இல்லை.

வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் பேராசிரியை வைத்த விதி. நான் படித்தது கறுப்பினப் பெண்ணியம்: கறுப்பினப் பெண்கள் எழுதியவையும், அவர்கள் தெருவில் இறங்கி நடத்திய போராட்டங்களும். பேராசிரியையும் ஒரு கறுப்பினப் பெண், மார்தினிக் தீவுக்காரர். முதல் வகுப்பிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி எழுதினால், முதலில் அவர் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அது எனக்கு வரக்கூடாது. எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி எழுதியவர்கள் போதும்."

அதே வகுப்பில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் எங்கேயிருந்து பேசுகிறீர்கள்? அதாவது, எந்த வாழ்க்கையிலிருந்து, எந்த அனுபவத்திலிருந்து. என் முறை வந்தபோது பயத்தில், நான் குடியிருக்கும் புறநகரைச் சொல்லி, "சார்செலிலிருந்து, ரயிலில்" என்றேன். வகுப்பே சிரித்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ். இங்கே உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இரண்டு வருடமும் வாரத்துக்கு ஒரு தடவையாவது பயந்தேன். கடைசிவரை யாரும் கேட்கவில்லை. அந்தக் குறையை அம்மா தீர்த்து வைத்தா.

"அவையளைப் பற்றிப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்? சட்டம் படிச்சிருந்தா இண்டைக்கு நீ ஒரு லோயர், அவொக்கா." 'அவையள்' என்பதைக்கூட நான் முறைத்ததால்தான் சொன்னா. எங்கள் வீடுகளில் கறுப்பின மக்களுக்கு வழக்கமாகச் சொல்லும் சொல் வேறு. அதை இங்கே எழுதக் கூசுகிறது. சின்ன வயதில் நானும் அதைக் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

அத்தியாயத்துக்கு உரியவர் ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்தவர். ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த ஹோட்டல் வாசலில் துப்புரவுப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர் அவர். எங்கள் வகுப்பு சனிக்கிழமைகளில் அங்கே போகும். நானும் போய், சத்தம் எழுப்பச் சட்டியில் கரண்டியால் தட்டியிருக்கிறேன். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவரைத் 'தாந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்கள் அன்ரி என்பதைப் போல. வேலைநிறுத்தம் முடிந்த பிறகு நான்கு பின்னேரம் எனக்காக ஒதுக்கிப் பேசினார். சந்திக்கும் இடமாக இந்தச் சாப்பாட்டுக் கடையை அவரே தேர்ந்தெடுத்தார். எங்கள் தமிழ்க் கடைகளில் பொரித்து விற்கும் ரோல்ஸின் உறைப்பு அவருக்குப் பிடிக்கும்.

அன்றைக்கும் ரோல்ஸ் வாங்கி வைத்துவிட்டுத்தான் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். பிறகு எடுக்கவில்லை. வாசித்து முடித்ததும் கேட்டார்.

"இது யார்?"

"நீங்கள்தான், தாந்தி."

"இந்தப் பெண் ஏன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை?"

நான் பக்கங்களைத் திரும்பப் புரட்டினேன். அவரே தொடர்ந்தார். "எல்லாம் நான் சொன்னதுதான். ஒரு பொய்யும் இல்லை. முதுகுவலி இருக்கிறது, கணவன் விட்டுப் போனது இருக்கிறது, மனேஜர் கத்தியது இருக்கிறது. மனேஜரின் காருக்கு முன்னால் நான் ஆடினேனே, அது எங்கே? வேலைநிறுத்த வாசலில் சமைத்த மீனுக்கு உப்புப் போதுமா என்று இரண்டு நாள் சண்டை பிடித்தோமே, அது எங்கே? வதிவிடக் காட் கேட்டு இதை எந்தப் பிரெஃபெக்தூர் அலுவலகத்துக்கு எழுதினாய்? எனக்குக் காட் இருக்கிறது, மகளே."

பிறகு, கோபமே இல்லாமல், வேண்டாம் என்றார். தன்னைப் பற்றி இப்படி ஒன்று நூலகத்தில் இருக்கத் தேவையில்லை என்றார். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார்.

நான் வெளியே வந்து நின்றேன். அவர் 'பிரெஃபெக்தூர்' என்று ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் அது எவ்வளவு சரி என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்தக் கடையிலிருந்து நான்கு கடை தள்ளி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில், ஒரு காலத்தில் கேஸ் எழுதும் அறை இருந்தது. இளங்கலைக்காகப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் இரண்டு வருடமும் நான் அங்கே வேலை செய்தேன்.

கேஸ் என்றால் அகதி விண்ணப்பத்தோடு கொடுக்கும் வாக்குமூலம். வந்தவர்கள் தமிழில் சொல்வார்கள். அந்த அறையை நடத்திய அண்ணை வரிசைப்படுத்துவார். நான் பிரெஞ்சில் தட்டச்சு செய்வேன். திகதி, இடம், யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், எப்படித் தப்பினாய், திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும். அவர்கள் சொன்னது உண்மை. நான் தட்டியதும் உண்மைதான். ஆனால் வெட்டிய உண்மை. யாராவது கதையின் நடுவில் சிரித்தால் அண்ணை எனக்குச் சொல்லுவார்: "சிரிப்பு வந்த இடத்தை வெட்டு, தங்கச்சி. சிரிச்சவனுக்கு அவங்கள் காட் குடுக்க மாட்டாங்கள்." அவர் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேருக்கு அந்த அறையால் விடிவு வந்தது. எனக்கோ கை அப்படியே பழகிவிட்டது. தாந்தி பேசிய பதிவைக் காதில் போட்டுக்கொண்டு எழுதியபோது, அவர் சிரித்த இடமெல்லாம் என் விரல் தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. யாரையும் கேட்காமல் அவருக்கு ஒரு கேஸ் எழுதியிருக்கிறேன். அதுவும் முதுகலையில் இரண்டு வருடம் கறுப்பினப் பெண்களின் எழுத்தைப் படித்து, பக்கம் பக்கமாக அடிக்கோடு போட்ட பிறகு. அவமானத்தில் முகம் எரிந்தது.

ரயிலில் நாட்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதில் இன்றைய நாள் போனால் எட்டு. அச்சுக்கு ஒரு நாள் கழித்தால் ஏழு. வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வேலையால் வந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா. என் முகத்தைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டா.

"ஆர் என்ன சொன்னது?"

எல்லாவற்றையும் சொன்னேன். 'அவையளுக்காக ஏன் அழுகிறாய்' என்று கேட்பா என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நன்றாகச் சண்டை பிடித்துப் பாரத்தை இறக்கியிருப்பேன். அம்மா வெட்டிய துண்டுகளைச் சட்டிக்குள் தள்ளினா.

"எனக்கு அகதி இன்டர்வியூ நடக்கேக்கை நான் சிரிச்சுப் போட்டன்," என்றா.

"என்ன?"

"மொஸ்கோவிலை எவ்வளவு நாள் நிண்டனியள், எப்பிடி நிண்டனியள் எண்டு கேட்டவை. அங்கை ஒரு அறையிலை பொம்பிளையள் ஒன்பது பேர் அடைஞ்சு கிடந்தனாங்கள். ஒரு நாள் நான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன்ரை கோட்டைப் போட்டு அவனை மாதிரி நடந்து காட்டினன். நொண்டி நொண்டி நடப்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கினம். திரும்பிப் பாத்தா அவன் கதவடியிலை நிக்கிறான்! பேந்து அவனும் சிரிச்சிட்டான். அது ஞாபகம் வந்து, அங்கையே, கேள்வி கேட்ட மனுசிக்கு முன்னாலை, எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு."

"அந்த மனுசி என்ன சொன்னவ?"

"மொழிபெயர்ப்பு செய்தவர் என்னை ஒரு பார்வை பாத்தார். நான் பதறிப்போய்ச் சிரிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார். அந்தக் கோட்டுக் கதையை அவர் அவவுக்குச் சொல்லேல்லை. காட் வரும்வரைக்கும் இரண்டு வருசம் எனக்கு நித்திரை இல்லை. அந்தச் சிரிப்பாலை ரிஜெக்ட் பண்ணிப் போடுவினம் எண்டு ஒவ்வொரு நாளும் செத்தன். முதல் மாசங்களிலை நீ வயித்திலை."

எனக்கு எதற்கெடுத்தாலும் ஏன் பதறுகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மா மொஸ்கோவில் நின்றதே எனக்கு ஒரு திகதியாகத்தான் தெரியும். நடந்து காட்டக் கூடியவ என்று தெரியாது. அம்மா திரும்பவும் கத்தியை எடுத்தா.

"அந்தப் பொம்பிளை சொல்லுறது சரி. இருந்து திருப்பி எழுது."

'அந்தப் பொம்பிளை' என்றா. 'அவையள்' என்று சொல்லவில்லை.

ஐந்து நாள் எழுதினேன். பதிவுகளை முதலிலிருந்து கேட்டேன். அவர் சிரித்த இடங்களில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். நம்பவே முடியவில்லை, அவ்வளவு சிரித்திருக்கிறார். முதுகுவலியைச் சொல்லும்போதுகூட ஒரு பகிடி. திரும்பவும் வேண்டாம் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்தே எழுதினேன்.

இரண்டாம் முறை வாசித்தபோது தாந்தி குறுக்கே குறுக்கே பேசினார். உப்புச் சண்டையில் யார் பக்கம் யார் என்பதைத் திருத்தினார். கார் கறுப்பு இல்லை, சாம்பல் என்றார். எனக்கு மிகவும் பிடித்த ஒரு வசனத்தை, "இது உன்னுடைய அழுகை, என்னுடையது இல்லை" என்று எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவர் முகம் சுருங்கியது.

"இது யார் பெயர்?"

ஆய்வில் உண்மைப் பெயரை மாற்றிப் போடுவது வழக்கம், அவருடைய பாதுகாப்புக்கு, என்று விளக்கினேன்.

"நான் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன்," என்றார். "அதைப் போடு." சம்மதக் கடிதத்தில் பெரிய எழுத்தில் ஒப்பமிட்டார். பிறகு இன்னும் இரண்டு ரோல்ஸ் வாங்கச் சொன்னார்.

மெமுவார் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. அவருடைய உண்மைப் பெயரோடு இப்போது நூலகத்தில் இருக்கிறது.

இங்கே அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அவர் அனுமதி கொடுத்தது அந்தப் பக்கங்களுக்கு. இந்தப் பக்கங்களை அவர் இன்னும் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த சிரிப்பை, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டப் போகிறேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாவோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.