சிவப்புக் கைப்பிடி வால்வு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில். கதை விடுகிறேன் என்று நினைத்தால் என் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

நான் கம்ப்ரஸர் மெக்கானிக். தங்கை வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். கரண்ட் பில் குறையாவிட்டால் வேலைக்கு வேட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். லீவு நாளில்தான் இது முடியும். எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட வேண்டும். டேங்கில் காற்று நிறைந்ததும் அது அடங்கிவிடும். அடங்காமல் திரும்பத் திரும்ப இரைந்தால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான், கரண்ட் வீண்.

இரைந்தது.

மாப்பிள்ளை கம்ப்ரஸர் ரூமில் நின்றார். நான் போனைக் காதில் வைத்தபடி ஒவ்வொரு வால்வாக மூடிக்கொண்டே போனேன்.

"நிக்கல மச்சான்... இன்னும் நிக்கல..."

கடைசியில் பின்சுவர் ஓரமாக, சிவப்புக் கைப்பிடி வைத்த ஒரு வால்வு மட்டும் மிச்சம். அதன் குழாய் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போனது. காதை வைத்தேன். கசிவு என்றால் ஒரே சீராகச் சத்தம் வரும். இது அப்படி இல்லை.

ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்... நின்றது.

யாரோ மூச்சு விடுவது போல.

மணி ஒன்று பத்து. மூடினேன்.

"நின்னுடுச்சு மச்சான்!"

டங். டங். டங்.

குழாயில்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"மாப்ள, நீங்களா தட்டுறீங்க?"

"நான் ஏன் தட்டப் போறேன்?"

டங் டங் டங்... வேகமாக. பிறகு மெதுவாக... மெதுவாக...

உள்ளே ஆள்!

 சட்டென்று வால்வைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ்...

தட்டல் நின்றது.

சுற்றிக்கொண்டு ஓடினேன். வாட்ச்மேன் அந்தப் பக்கத்து அறையின் பூட்டைத் திறந்தார். காலி அறை. குழாயின் முனையை அடைத்து வெல்டிங் வைத்திருந்தார்கள். அதன் மேல் துரு ஏறியிருந்தது. ஒரு பொட்டுக் காற்று வெளியே வர வழியில்லை.

"வால்வை மூடுனீங்களா?" வாட்ச்மேன் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாடி இங்க ஒரு பெரிய தொட்டி இருந்துச்சு. பெயின்டர் உள்ள இறங்கி வேலை பார்ப்பார். முகமூடிக்கு இந்தக் குழாய்லதான் காத்து. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல, எல்லாரும் போயாச்சுன்னு நினைச்சு, கரண்ட் மிச்சமாகட்டும்னு ஒருத்தர் மூடிட்டாரு. பாவம், உள்ள இருந்த பெயின்டர் தட்டித் தட்டிப் பார்த்திருக்காரு..."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் மூடுன ரெண்டு பேரும் மூச்சு முட்டியே செத்துப் போனாங்க. நீங்க திறந்துட்டீங்க இல்ல?"

தலையாட்டினேன். அப்போது பின்னால் மாப்பிள்ளையின் சிரிப்பு.

"என்ன மச்சான், திறந்து போட்டுட்டு வந்துட்டீங்க? நானே மூடிட்டேன். சத்தமே இல்ல!"

அவரைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்த் திறந்தேன்.

வேறு இடங்களில் இருந்த சின்னச் சின்னக் கசிவுகளை அடைத்தோம். பில் குறைந்தது. வேலையும் தப்பியது. அப்பாடா என்றிருந்தேன்.

போன வாரம் தங்கை போன் செய்தாள். தட்டல் சத்தத்தைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் வாய் திறந்ததில்லை.

"அண்ணா, இவருக்குத் தூக்கத்துல மூச்சு திடீர்னு நின்னுடுது. அப்பல்லாம்..."

"அப்பல்லாம்?"

"கட்டில் கம்பியத் தட்டுறாரு. மூணு மூணா."