காம்பு பார்த்த பக்கம்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ரத்தோட்டைக்கு மேலே தேயிலை மலையில் கொழுந்து பறித்தே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பேய், காட்டேரி என்று யார் சொன்னாலும் சிரிப்பேன். சாமியைக் கும்பிட்டேன், அது வேறு. இதை நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டாலும் பரவாயில்லை, நடந்தது நடந்ததுதான்.

எங்கள் மலை உச்சியில் ஒரு கல் இருக்கிறது, அதுதான் முனியாண்டி. காலையில் பறிக்கும் முதல் பிடிக் கொழுந்து அவருக்கு, பிறகுதான் கூடைக்கு. நான் வேலையை விட்டபின் கடைசி மகள் செல்வி வைத்தாள். எல்லாரும் அள்ளிப் போடுவார்கள், அவள் மட்டும் காம்பெல்லாம் ஒரே பக்கமாக, கல்லைப் பார்க்க அடுக்குவாள்.

"ஏன்டி, சாமிக்குக் காம்பு, நமக்குக் கொழுந்தா?" என்று கேலி செய்வார்கள்.

"அவருக்குப் பல்லு கெட்டிங்க அக்கா" என்பாள்.

போன அடைமழையில் மண் சரிந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதி போய்விட்டது. செல்வி உள்ளே இருந்தாள். தோண்டினார்கள். முதல் நாள் முனியாண்டியிடம் அவளை முழுசாகக் கேட்டேன். இரண்டாம் நாள், கைகால் போனாலும் மூச்சு இருந்தால் போதும் என்றேன். மூன்றாம் நாள், உடம்பையாவது கொடு என்றேன். கேட்கக் கேட்க என் வேண்டுதல் சுருங்கிக்கொண்டே வந்தது.

அன்று மத்தியானம் மேலே ஏறினேன். தோட்டத்தில் வேலை நிறுத்தியிருந்ததால் மலையில் ஆள் இல்லை, பனிமூட்டம் மட்டும்.

"இத்தன வருசம் குடுத்தேனே, என்னத்தப் பாத்த நீ?" என்று கேட்டுவிட்டுக் கல்லைக் காலால் தள்ளிக் கவிழ்த்தேன். திரும்பி நின்று மூச்சு வாங்கினேன், அவ்வளவு நேரம்தான். மறுபடி பார்த்தால், கல் நின்ற குழியில் ஒரு பிடிக் கொழுந்து. அப்போதுதான் பறித்தது. காம்பெல்லாம் ஒரே பக்கம், ஆனால் கல்லைப் பார்க்கவில்லை, கீழே ஓடைப் பக்கம் பார்த்தன.

இறங்கி வந்து மூத்தவனிடம், "ஓடப் பக்கம் தோண்டுப்பா" என்றேன்.

"வீடு இங்கதானே இருந்திச்சு, பேசாம இருங்கம்மா."

"தோண்டிப் பாரு."

பொழுது சாயுமுன் அங்கேதான் அவள் உடம்பை எடுத்தார்கள்.

மறுநாள் போய்க் கல்லை நிமிர்த்தி வைத்தேன். நன்றியா பயமா, இன்னும் எனக்குத் தெரியாது. கும்பிட்டேனா என்று கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அவளைக் குளிப்பாட்டக் கை கழுவியபோது என் பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை இருந்தது. நான் வேலையை விட்டுப் பதினான்கு வருடம். அன்று ஒரு செடியைக்கூட நான் தொடவில்லை.

செல்வியின் மகள் பக்கத்தில்தான் இருக்கிறாள். இந்தத் தாளை அவளிடம் கொடுக்கிறேன். எழுத்துக் கூட்டி எழுதியிருக்கேன் புள்ள. பிழை இருந்தா திருத்து, நடந்ததத் திருத்தாத. இப்ப வாசி, கேக்குறேன்.