அரக்கு வைத்த கணினி அறை

எங்கள் பள்ளிக்குக் கணினிகள் வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டிகள் நனையாமல் இறக்கப்பட்டன என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். எத்தனை பெட்டி, யார் இறக்கினார்கள், எத்தனை மணிக்கு முடிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாத விஷயம் என்று விட்டிருப்பேன்.

பாகலூர் பக்கம், கர்நாடக எல்லைக்கு அருகில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இளநிலை உதவியாளர். பள்ளியில் ஒரு நாற்காலிக்குக் கால் உடைந்தால் அது எந்தத் தேதியில், யார் உட்கார்ந்திருந்தபோது உடைந்தது என்று என்னால் சொல்ல முடியும். அதனால்தான் தலைமையாசிரியர் கணினி அறையின் சாவியை என்னிடம் கொடுத்தார். கணினிக் கல்வியை எல்லா அரசுப் பள்ளிகளிலும் விரிவாக்க வேண்டும் என்ற சுற்றறிக்கையும் அதே வாரம் வந்தது. அதையும் நான்தான் வாங்கி, எண்ணிட்டு, கோப்பில் வைத்தேன்.

பொருள்களை நான் நன்றாகவே காப்பாற்றினேன். தையல்காரரிடம் பழைய திரைச்சீலைகளைக் கொடுத்து ஒவ்வொரு கணினிக்கும் உறை தைக்க வைத்தேன். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆயுத பூஜைக்கு உறை மேல் மட்டும் சந்தனப் பொட்டு வைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். யாரோ ஆர்வத்தில் திரையிலேயே வைத்துவிட்டார்கள். 'திரையில் சந்தனக் கறை, ஒன்று' என்று பதிவேட்டில் குறித்தேன். கணினி வகுப்பு வேண்டுமென்றால் முந்தின நாளே கடிதம் தர வேண்டும். வகுப்புக்கு முன்னும் பின்னும் மவுஸ்களை எண்ணுவேன். ஒருமுறைகூடக் குறைந்ததில்லை.

கடிதம் தரவேண்டியவர் கணினி ஆசிரியை. முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் நியமித்த தற்காலிக வேலை. உத்தனப்பள்ளியிலிருந்து ஓசூர் வந்து, பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவார். முதலில் வாரம் ஒரு வகுப்புக்கென்று ஒரு கடிதம் தந்தார். பிறகு மாதம் ஒன்று. பிறகு சார்ட்டில் விசைப்பலகையை வரைந்து வகுப்பறைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளை அதில் விரல் வைத்துப் பழக வைத்தார். அது அவர் சொந்தச் செலவில் வாங்கிய சார்ட். ஆகவே என் பதிவேட்டில் வராது.

இந்தக் கல்வியாண்டுக்கு முன்னால் ஒரு கடிதம் வந்தது. எங்கள் பள்ளியில் ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தொடங்கலாம். இருபது பேராவது சேரவேண்டும். சேர்க்கை முடியும் நாளில் அத்தனை பேர் இல்லையென்றால் அனுமதி ரத்தாகும், கணினிகளும் தேவையுள்ள வேறு பள்ளிக்குப் போய்விடும். ஆசிரியையின் வேலையும் கூடவே போகும். இது கடிதத்தில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஓசூர் வரை பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாத வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு இங்கே இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

கோடை விடுமுறையில் ஆசிரியை வீடு வீடாகப் போனார். ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம், ஏரிக்கரையைத் தாண்டினால் தமிழ். மூன்றிலும் கேட்டுப் பத்தொன்பது பேரின் பெயரை எழுதி வந்தார். இருபதாவது தானாக வரும் என்றார்.

அதே விடுமுறையில் நான் செய்தது இது. பக்கத்தில் எங்கோ ஒரு பள்ளியில் திருட்டு என்று கேள்விப்பட்டேன். கணினி அறைப் பூட்டின் மேல் வெள்ளைத் தாள் சுற்றி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தேன். தலைமையாசிரியரும், விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. ஆசிரியரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். 'இதே சாட்சிகள் இருவர் முன்னிலையில் மட்டுமே திறக்கப்பட வேண்டும்' என்று குறிப்பு எழுதினேன். எழுதியபோது மனதுக்கு நிறைவாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

சேர்க்கை வாரம் திங்கட்கிழமை தொடங்கியது; வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடியும். பி.டி. ஆசிரியர் ஒரு பயிற்சி முகாமுக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். வர இன்னும் பத்து நாள்.

ஆசிரியை என் ஜன்னலுக்கு வந்தார். "சார், லேபைத் திறக்கணும். பேரன்ட்ஸ் பார்க்கணும்ங்கறாங்க."

"சாட்சி ஒருத்தர் ஊர்ல இல்லை, டீச்சர்."

"சின்னதா ஒரு சுத்தி போதும் சார். நானே தட்டறேன்."

பி.டி. ஆசிரியருக்கு போன் போட்டேன். "உடைங்க சார், நான் வந்து கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்று சிரித்தார். கோயம்புத்தூரில் இருப்பவர் இங்கே நின்று பார்த்ததாக எப்படி எழுதுவது? அவரிடமும் அதைத்தான் கேட்டேன். "நீங்க திருந்த மாட்டீங்க சார்" என்று வைத்துவிட்டார்.

தலைமையாசிரியரிடம் இருவரும் போனோம். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தது அவருக்கு.

"இந்தக் கண்டிஷனை எழுதுனது நீங்கதானே?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்."

"படிக்காம போட்டுட்டேன்யா. சரி, ஆடிட்ல கேட்டா யார் பதில் சொல்றது?"

ஆசிரியை, "நான் சொல்றேன் சார்" என்றார்.

"நீங்க டெம்ப்ரவரிம்மா. உங்களை ஆடிட்ல கேக்க மாட்டாங்க" என்றார் தலைமையாசிரியர், ஏதோ சலுகை தருவது போல.

செவ்வாய்க்கிழமை ஒரு தொழிற்சாலை ஆபரேட்டர் தன் மகளுடன் வந்தார். இரவு ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஆசிரியை எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் பெயர் அந்தப் பெண்ணுடையது. ஆசிரியை அவர்களைக் கணினி அறைக்குக் கூட்டிப்போனார்; நான் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அறை வாசலில் அவர் நின்று பூட்டைப் பார்த்தார். சிவப்பு அரக்கு நன்றாக இறுகி, பளபளவென்று இருந்தது.

"என்னா மேடம், கோர்ட்டு சீலா?"

"இல்லீங்கண்ணா. ஆபீஸ்ல வச்சது. பாதுகாப்புக்கு."

"எங்க கம்பெனியிலயும் பாதுகாப்புக்குன்னுதான் சொன்னாங்க. அப்புறம் எட்டு மாசம் கேட்டுக்கு வெளிய டென்ட் போட்டு உக்காந்திருந்தோம். சீல் வச்சா என்னான்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"அப்பா, உள்ள கம்ப்யூட்டர் இருக்குதுப்பா. நான் தொட்டிருக்கேன்" என்றாள் மகள்.

"எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி."

"எத்தினி வருசத்துல?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சார், எங்க லைன்ல கிரீஸ் கையோட கம்ப்யூட்டரைத் தட்டிக்கினு இருக்கேன், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இங்க பூட்டி அரக்கு வச்சிருக்கீங்க. இதுல என்னா படிக்கும் என் பொண்ணு?"

இருந்தும் அவர் கையெழுத்துப் போட்டார். மகள் விடவில்லை.

மற்றவர்கள் அப்படி இல்லை. தொழிற்சாலை லாக்-அவுட்டைப் பார்த்த தெருக்கள் இவை. முத்திரைச் செய்தி அன்று மாலைக்குள் பரவிவிட்டது. தெலுங்குத் தெருவில் பள்ளி மேல் கேஸ் என்றார்கள். கன்னடத் தெருவில் பேங்க் ஜப்தி என்றார்கள். தமிழ்த் தெருவில் மந்திரி வந்து திறக்கிற வரைக்கும் மூடித்தான் இருக்கும் என்று நம்பினார்கள். பட்டியலில் இருந்து ஐந்து பேர் விலகினார்கள். ஆசிரியை புதன், வியாழன் இரண்டு நாளும் மறுபடி தெருத்தெருவாக அலைந்து, புதிதாக ஐந்து பேரைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை மதியம் மறுபடியும் பத்தொன்பது.

மூன்றரை மணிக்கு அவர் என் ஜன்னல் பலகையில் விண்ணப்பங்களை வைத்து மூன்று முறை எண்ணினார். எண்ணினால் கூடும் என்பது போல. பிறகு நிமிர்ந்தார்.

"சார், உங்க பாப்பா பத்தாவது முடிச்சிருச்சில்ல?"

"முடிச்சிட்டா."

"என்ன குரூப்?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ்."

"எங்கங்க சார்?"

"ஓசூர்ல. தனியார் பள்ளி."

"அங்க லேப் நல்லா இருக்குதா சார்?"

"போய்ப் பார்த்தோம். திறந்தே இருந்தது."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவர் சிரித்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப சரிங்க சார்" என்று விண்ணப்பங்களைக் கட்டி என் பக்கம் நகர்த்தினார்.

ஐந்து மணி வரை நேரம் இருந்தது. வெற்று விண்ணப்பங்கள் என் இழுப்பறையில் இருந்தன. ஒன்றை நிரப்ப எட்டு நிமிடம் போதும். பலருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். மகளின் ஆதார் எண்ணும் பத்தாம் வகுப்புப் பதிவு எண்ணும் எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு போன் செய்து கேட்கலாமா என்று யோசித்தேன். என்ன கேட்பது என்று யோசித்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளி மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் போதும், என் மகளுக்குப் போதாது என்று நானும் மனைவியும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தோம். அதை அந்த வார்த்தைகளில் பேசவில்லை, அவ்வளவுதான். ஐந்து மணிக்கு 'பத்தொன்பது' என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி மேலே அனுப்பினேன். அறிக்கையில் பிழை எதுவும் இல்லை.

பி.டி. ஆசிரியர் திரும்பி வந்தார். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் முத்திரையை முறைப்படி உடைத்தோம், கணினிகளைக் கட்டி அனுப்புவதற்காக. 'முத்திரை பழுதின்றி இருந்தது' என்று எழுதினேன். நாட்றாம்பாளையம் பக்கத்தில் ஒரு மலைப் பள்ளிக்கு அவற்றை வேனில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அங்கே இருந்த ஆசிரியர் பட்டியலைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் எண்ணத் தொடங்குவதற்குள் செம்மண் கால்களோடு பிள்ளைகள் உள்ளே புகுந்து நான்கு கணினிகளை ஓட வைத்துவிட்டார்கள்.

எங்கள் பள்ளியில் அந்தப் பத்தொன்பது பேரில் பதினேழு பேர் வெவ்வேறு குரூப்புகளுக்குப் பிரிந்தார்கள். இரண்டு பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள். மாற்றுச் சான்றிதழை நான்தான் எழுதினேன்.

செப்டம்பர் இறுதியில் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ் மேசைக்கு முன்னால் என் முறை வந்தபோது, எதிரே எங்கள் பள்ளியின் கணினி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊருக்கு பஸ்ஸில் கொண்டுவந்த அதே கைப்பை.

"வாங்க சார், உக்காருங்க" என்றார். "இங்க ஆகஸ்ட்ல சேர்ந்தேன். பாப்பா சொல்லலையா?"

மகள் தரையைப் பார்த்தாள். சொல்லியிருக்கவில்லை.

"அந்த ஆபரேட்டரோட பொண்ணு எப்படி இருக்குது சார்?"

"காமர்ஸ்ல இருக்கு. காலாண்டுல நல்ல மார்க்."

"எடுக்கும். எதைக் குடுத்தாலும் படிச்சிரும்." விடைத்தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "உங்க பாப்பா தியரியில ரொம்ப நல்லாப் பண்ணுது சார். நோட்டு அவ்வளவு சுத்தம். ப்ராக்டிகல்லதான் நின்னுருது. ஒவ்வொண்ணுக்கும் கை தூக்குது. மிஸ், இதைத் தொடலாமா, மிஸ், இதை அழுத்தலாமான்னு. எர்ரர் வந்தா கையை எடுத்துட்டு அழப் பார்க்குது."

"அதுக்கு நாங்க வீட்ல என்ன செய்யணும், டீச்சர்?"

"ஐயோ, நீங்க ஒண்ணும் செஞ்சுராதீங்க சார்" என்றார் அவர் அவசரமாக. பிறகு மகளைப் பார்த்து, "நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றிருந்தவர் தொண்டையைச் செருமினார். நான் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன்.